ஃபாலோயர் ஏறியும் பில் ஏறாத காப்பித்தூள் கடை: அல்சூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு அல்சூரில், பஜார் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது இந்தக் காப்பித்தூள் கடை. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம் 1970களில் தொடங்கியது. இப்போது நடத்துபவர் இரண்டாம் தலைமுறை. அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். மகன் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவார். மருமகள் பி.காம். படித்தவர், இரண்டு குழந்தைகளின் அம்மா. இவர்களைத் தவிர வறுவலுக்கு ஒரு ஆள், கல்லாவுக்கும் பொட்டலத்துக்கும் ஒரு பையன்.

நான் கடையின் வரவு செலவைப் பார்ப்பவன். சமூக ஊடகம் என் தொழில் இல்லை. ஆனால் அதற்கு ஆன செலவும் அதனால் வந்த வரவும் என் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்பதால், நடந்ததை பில் புத்தகத்தின் பக்கமிருந்து பார்க்க முடிந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கடையில் காப்பி குடிக்கக் கிடைக்காது. சிக்மகளூரிலிருந்தும் குடகிலிருந்தும் வரும் கொட்டையை வறுத்து, கேட்கும் விகிதத்தில் கலந்து, கண்ணெதிரே அரைத்துத் தருவார்கள். பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா என்ற கொட்டை வகைகள், கலப்பதற்குச் சிக்கரி: சரக்கு அவ்வளவுதான். கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கிப் போகிற தெருக்காரர்களும், சில சின்ன ஓட்டல்களுமே நெடுநாள் வியாபாரம்.

அந்தத் தெருக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடி ஆயின. பிள்ளைகள் ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம் பக்கம் குடிபோனார்கள். புதிதாக வந்தவர்கள் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வரும் பாக்கெட்டை வாங்கினார்கள். இன்ஸ்டாகிராம் வேண்டும் என்று மகன் சொன்னதன் பின்னணி இது. கோரிக்கையில் தவறில்லை.

முதல் ஏற்பாடு: மாதப் பேக்கேஜ்

2023 நடுவில் மகனின் நண்பர் மூலம் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி வந்தது. மாதக் கட்டணத்துக்கு இத்தனை போஸ்டர், இத்தனை ரீல்ஸ். விளம்பரச் செலவு தனி. வந்தவை பண்டிகை வாழ்த்துகளும், திங்கட்கிழமைச் சோர்வைப் பற்றிய வாசகங்களும், நுரையில் இலை வரைந்த லாட்டே படங்களும். கடையில் லாட்டே கிடையாது, கோப்பையே கிடையாது. பெரியவர் ஒருநாள் போனை எட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யார் கடைப்பா?" என்று கேட்டார். மகன் சிரித்தார், நானும்தான். கேள்வி என்னவோ சரியானது.

அப்புறம் ஒரு பரிசுப் போட்டி. பக்கத்தை ஃபாலோ செய்து மூன்று நண்பர்களை டேக் செய்தால் குலுக்கலில் பித்தளை ஃபில்டர். ஆயிரத்துக்குள் இருந்த ஃபாலோயர் எண்ணிக்கை சில மாதங்களில் எட்டாயிரத்தைத் தொட்டது. ஏஜென்சியின் மாத அறிக்கையில் எல்லாக் கோடுகளும் மேல்நோக்கிப் போயின.

அதே வேகத்தில் ஓர் உணவு வீடியோக்காரருக்குப் பணம் கொடுத்துக் கடையைப் படமெடுக்க வைத்தார்கள். வீடியோ நன்றாகத்தான் இருந்தது. பணம் வாங்கி எடுத்தது என்ற குறிப்பு மட்டும் அதில் இல்லை. இந்திய விளம்பரத் தரக் குழு (ASCI) 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இப்படிப்பட்ட பதிவுகளில் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்கின்றன. குறிப்பு எங்கே என்று கேட்டவர் யாருமில்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமை சந்து நிரம்பியது. வந்தவர்கள் காப்பி குடிக்க வந்தவர்கள். "இங்க தூள் மட்டும்தான் சார்" என்று பையன் மதியம்வரை சொல்லிக்கொண்டிருந்தான். சிலர் மரியாதைக்குக் கால் கிலோ வாங்கினார்கள். சிலர் கூகுள் மேப்பில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள்: காப்பிக் கடையில் காப்பி இல்லை.

பில் புத்தகத்தில் தெரிந்தது

2024 மார்ச்சில் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது விளம்பரச் செலவைத் தனி வரியாக எடுத்துப் பார்த்தேன். சில்லறை விற்பனை முந்தைய ஆண்டைவிடச் சற்று குறைந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தவிர எந்த நாளிலும் ஏற்றம் இல்லை. ஏஜென்சிக்கும் விளம்பரத்துக்கும் போன தொகை, பையனின் சம்பளத்தை நெருங்கியது.

ஏஜென்சி அறிக்கை எத்தனை பேர் பார்த்தார்கள் என்றது. எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. அது அவர்கள் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அதைக் கேட்டு ஒப்பந்தம் போட்டவர் யாருமில்லை.

ஃபாலோயர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று, பக்கத்தின் புள்ளிவிவரம் காட்டும் இன்சைட்ஸ் பகுதியில் பார்க்கலாமே என்று மருமகளிடம் கேட்டேன். அவரால் திறக்க முடியவில்லை. கடைப் பக்கத்தின் பாஸ்வேர்டு கடையில் இல்லை.

கணக்கை மீட்டது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். சின்னக் கடைகள் பலவற்றில் இதே நிலைதான்.

பக்கத்தில் பதிந்திருந்த ஈமெயில் ஏஜென்சி ஊழியர் ஒருவருடையது. போன் நம்பரும் அவருடையது. விளம்பரம் ஓடிய மெட்டா (இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனம்) வணிகக் கணக்கு ஏஜென்சியின் பெயரில். அந்த ஊழியர் இதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார். ஒப்பந்தத்தை நிறுத்துகிறோம் என்று சொன்னதும், பாக்கி மாதக் கட்டணம் வந்த பிறகு மாற்றித் தருகிறோம் என்று பதில் வந்தது. குடும்பம் பாக்கியைக் கட்டியது. அதற்குப் பிறகும் ஈமெயில் மாற, இரட்டைச் சரிபார்ப்பு கடை நம்பருக்கு வர, வாரங்கள் ஓடின. கூகுள் மேப் பதிவு மட்டும் முதலிலிருந்தே மகனின் ஜிமெயிலில் இருந்தது, நல்லவேளை.

புதிதாக ஒரு பக்கம் தொடங்கிவிடலாம் என்று மகன் சொன்னார். பழைய பெயர் பொட்டலத்திலும் பில்லிலும் அச்சாகியிருந்ததால் மருமகள் ஒப்பவில்லை. பழைய பக்கமே தொடர்ந்தது.

கைக்கு வந்ததும் தெரிந்தவை இரண்டு. முதலாவது, ஃபாலோயர்களின் ஊர்ப்பட்டியலில் பெங்களூரு முதலிடத்தில் இல்லை. போட்டிக்காக வந்தவர்கள் வடக்கே எங்கெங்கோ இருந்தார்கள். ஃபில்டர் காப்பி போடாத வீடுகள். இரண்டாவதுதான் பெரியது. இன்பாக்ஸில், குறிப்பாக அறிமுகமில்லாதவர்களின் செய்தி போய்ச் சேரும் ரிக்வெஸ்ட் பகுதியில், மாதக்கணக்காகத் திறக்கப்படாத செய்திகள். டிகாஷன் இறங்க மாட்டேனென்கிறது, என்ன செய்வது? சிக்கரி இல்லாமல் கிடைக்குமா? மோக்கா பாட் என்ற காப்பிப் பாத்திரத்துக்கு எந்த அரைவை? கே.ஆர்.புரத்துக்கு அனுப்புவீர்களா? எங்கள் பாட்டி உங்களிடம்தான் வாங்குவார், அதே கலவை என்னவென்று தெரியுமா? கமெண்டில் விலை கேட்டவர்களுக்கெல்லாம் ஏஜென்சி ஒரே பதிலைப் போட்டிருந்தது: டிஎம் (தனிச் செய்தி) செய்யவும். டிஎம் செய்தவர்களுக்குப் பதில் இல்லை.

எட்டாயிரம் பேரைத் தேடிப் பணம் செலவழித்த அதே மாதங்களில், வாங்குவதற்காகவே வந்து வாசலில் நின்றவர்களுக்கு யாரும் வாய் திறக்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

பக்கத்தை மருமகளே பார்ப்பது என்று ஆனது. பெரியவருக்குத் தயக்கம் இருந்தது. "உனக்கு வீட்டு வேலையே தலைக்கு மேல இருக்கேம்மா" என்றார். "கடையில வந்து கேட்டா பதில் சொல்ல மாட்டோமா மாமா? அதேதான் இதுவும்" என்றார் மருமகள். கேட்டவருக்கு அன்றைக்கே பதில், கேட்ட மொழியிலேயே பதில் என்று முதல் விதியை அவரே வைத்துக்கொண்டார்.

விலையை ஒளிப்பது நின்றது. ஒவ்வொரு கலவையின் விகிதமும் விலையும் பக்கத்தின் மேலே பின் செய்து வைக்கப்பட்டன. போட்டிக் கடைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்றார் மகன். கடைக்குள் கரும்பலகையில் ஐம்பது வருடமாக எழுதியிருப்பதுதானே என்றார் பெரியவர்.

வீடியோக்களுக்குப் பொருள் தேட வேண்டியிருக்கவில்லை. கேள்விகள் கையிலிருந்தன. ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி. பதில் சொல்பவர் பெரியவர். பெரும்பாலும் முகம்கூட வராது, கைகளும் அரவை இயந்திரமும்தான். சினிமாப் பாட்டை விட்டதற்கு ரசனை காரணமில்லை. இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்குகளுக்குப் பிரபலமான பாடல்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஏஜென்சி வேறெங்கோ எடுத்துச் சேர்த்த பாட்டுள்ள ரீல்ஸ் சிலவற்றில் ஒலியே முடக்கப்பட்டிருந்தது. அதனால் கொட்டை வெடிக்கும் சத்தமும் அரவைச் சத்தமும் போதும் என்று விட்டார்கள்.

ஆர்டருக்கு வாட்ஸ்அப் பிசினஸ். குரூப் வேண்டும் என்று மகன் சொன்னதற்கு மருமகள் மறுத்தார்: ஒருவர் நம்பர் எல்லாருக்கும் தெரியும், காலை வணக்கப் படங்கள் வேறு வந்து குவியும். ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டார்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான். அதுவும் கடை நம்பரைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கே செய்தி போகும். இதை ஒரு குறையாக மகன் பார்த்தார். சல்லடையாக மருமகள் பார்த்தார். நம்பரைச் சேமிக்கிற அளவுக்கு விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், வாரம் ஒரே செய்தி: வியாழன் வறுவல், வெள்ளி அனுப்புதல், யாருக்கு என்ன வேண்டும்?

போட்டிக்கு வந்த கணக்குகளில் போலி என்று பார்த்தாலே தெரிந்தவற்றை மருமகள் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கினார். எண்ணிக்கை இறங்குவதைப் பார்க்க மகனுக்கு மனம் வரவில்லை.

அடுத்து நடந்தவை

முதல் இரண்டு மாதம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு வீடியோவையும் சில நூறு பேர் பார்த்தார்கள்.

அப்புறம் ஃபில்டர் வீடியோ. டிகாஷன் ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்குப் பெரியவர் நான்கு காரணம் சொன்னார்: தூள் மாவாக அரைந்திருக்கும், சிக்கரி அதிகமிருக்கும், தூளை இறுக்கி அமுக்கியிருப்பீர்கள், அல்லது ஃபில்டரின் ஓட்டை அடைத்திருக்கும். கடைசிக் காரணத்துக்கு எவர்சில்வர் ஃபில்டரின் மேல் பாத்திரத்தை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தணலில் காட்டி, அடைப்பு கருகியதும் தட்டிக் கழுவினார். பல வீடுகளில் பாட்டிமார் செய்வதுதான். அந்த வீடியோவை மக்கள் லைக் செய்ததைவிட மற்றவர்களுக்கு அனுப்பியது அதிகம். மகள் அம்மாவுக்கு, அறைத் தோழர் இன்னொரு தோழருக்கு. பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் முக்கியம் என்றும், ஃபாலோ செய்யாதவர்களைச் சென்றடைய அனுப்புவதற்குக் கூடுதல் எடை என்றும் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொஸ்ஸேரி 2025 ஜனவரியில் சொன்னார். கடைக்காரர்களுக்கு அது முந்தைய வருடமே அனுபவமாகியிருந்தது.

சிக்கரி விஷயம் இவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. கடையின் விலை குறைந்த கலவையில் 40 சதவீதம் சிக்கரி. சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் அளவையும் லேபிளில் போட வேண்டும். இவர்கள் போட்டுத்தான் விற்றார்கள். ஆனால் லேபிளின் சின்ன எழுத்தைப் படிக்காத பழைய வாடிக்கையாளர்கள், வீடியோவில் பெரியவர் வாயால் கேட்டதும் திடுக்கிட்டார்கள். ஒருவர் கடைக்கே வந்து, இத்தனை வருடம் ஏமாற்றிவிட்டாய் என்று சத்தம் போட்டார். வீடியோவை எடுத்துவிடலாமா என்று பெரியவர் கேட்டார். மருமகள் எடுக்கவில்லை, அடுத்த வீடியோவில் சிக்கரி என்பது ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிகாஷன் கருப்பாகவும் கெட்டியாகவும் வரும், அதனால்தான் குறைந்த தூளில் நிறையப் பேருக்குக் காப்பி போட முடிகிறது என்று விளக்க வைத்தார். சிலர் 80:20-க்கு மாறினார்கள். பலர் தெரிந்தே 60:40-ஐத் தொடர்ந்தார்கள். சிக்கரி இல்லாத, கொரகொரப்பான அரைவையை வேறொரு கூட்டம் கேட்டது. பிரெஞ்சு பிரஸ், மோக்கா பாட் வைத்திருக்கும் இந்திரா நகர் இளைஞர்கள். அது கடைக்குப் புதிய சரக்கு.

மொழித் தகராறு 2024 கடைசியில் வந்தது. பெரியவர் தமிழில் பேசிய ஒரு வீடியோவின் கீழே, பெங்களூரில் கடை வைத்துக்கொண்டு கன்னடத்தில் பேசக்கூடாதா என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயம்தான். பெரியவர் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். கல்லாவில் நாள் முழுக்க இரண்டு மொழியும் ஓடும். அடுத்த வீடியோவைக் கன்னடத்தில் பேசுகிறேன் என்று அவரே பதில் போடச் சொன்னார். அதற்குள் யார் யாரோ வந்துவிட்டார்கள். காவிரி வந்தது, கொடி வந்தது, வசை வந்தது. இரண்டு பக்கமும் கத்தியவர்களில் காப்பித்தூள் கேட்டவர் ஒருவரும் இல்லை. அந்த வீடியோ கடையின் மற்ற எல்லா வீடியோக்களையும் பார்வையில் தாண்டியது. "ரீச் பாத்தீங்களா!" என்றார் மகன். மருமகள் கமெண்டை மூடி, மறுநாள் வீடியோவையே யாருக்கும் தெரியாதபடி ஆர்க்கைவில் போட்டார். சந்துக்கு வரும் வாடிக்கையாளர்களில் இரண்டு மொழிக்காரர்களும் உண்டு, அவர்களில் யாரும் அதைப் பார்த்துக் கசந்துவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். நான் அந்த வாரத்து பில்லைப் பார்த்தேன். வழக்கமான வாரம்தான். பிறகு ஒரு வாரம் கன்னடம், ஒரு வாரம் தமிழ், கீழே எப்போதும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்து என்று வழக்கமாயிற்று. முதல் கமெண்ட் போட்டவர் இப்போது பிளான்டேஷன் ஏ வாங்குகிறார்.

2025 தொடக்கத்தில் விலை. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சியால் விளைச்சல் பாதித்ததில் உலகச் சந்தையில் காப்பி விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. நாட்டின் காப்பியில் ஏறத்தாழ 70 சதவீதம் விளையும் கர்நாடகத்திலும் கொட்டை விலை ஏறியது. கடையும் ஏற்றாமல் முடியாது. முன்பெல்லாம் பலகையில் எண்ணை அழித்து எழுதுவார்கள், அவ்வளவுதான். இந்த முறை பெரியவர் பழைய கொள்முதல் பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு ஏறும் என்று பத்து நாள் முன்பே சொன்னார். அந்தப் பத்து நாளில் கூடுதலாக வாங்க நினைத்தவர்களிடம், தூள் இரண்டு வாரத்துக்கு மேல் வாசனை தாங்காது, அளவாக வாங்குங்கள் என்றும் சொன்னார். வாட்ஸ்அப் பட்டியலிலிருந்து விலகியவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். சொல்லாமல் ஏற்றிய ஓட்டல் வியாபாரத்தில்தான் இரண்டு பேர் கைவிட்டுப் போனார்கள்.

விளைவு

ஃபாலோயர் எண்ணிக்கை ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கி, இதை எழுதும்போது ஏறத்தாழ ஆறாயிரத்தில் நிற்கிறது. ஏஜென்சி விட்டுப்போன உச்சத்தை இன்னும் தொடவில்லை. ஊர்ப்பட்டியலில் முதலிடம் பெங்களூருக்கு.

சில்லறைத் தூள் விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாட்ஸ்அப் வழியாக வருகிறது. கே.ஆர்.புரம், ஒயிட்ஃபீல்டு பக்கம் குடிபோன பழைய குடும்பங்கள் அதில் கணிசம், இழந்ததாக நினைத்தவர்கள். வீடியோ எடுக்க ஒரு ஸ்டாண்டைத் தவிரச் செலவில்லை என்று முதலில் கணக்கில் எழுதினேன். மருமகளின் நேரத்தை யாரும் எழுதவில்லை. இரவு பத்து மணிக்குக் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டே டிகாஷன் சந்தேகத்துக்குப் பதில் தட்டுவதை, குடும்பத்தில் எல்லாரும் இலவசமாகவே எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே பதில் என்ற விதி நன்றாக வேலை செய்ததற்கு விலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

மாற்றிச் செய்யக்கூடியவை

வெளியாளிடம் பக்கத்தைக் கொடுப்பதில் தவறில்லை. ஈமெயில், போன் நம்பர், விளம்பரக் கணக்கு மூன்றும் கடை பெயரில் இருந்து, ஏஜென்சிக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுத்திருந்தால் அந்த வாரங்கள் வீணாகியிருக்காது. ஒப்பந்தத்தில் இன்பாக்ஸுக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

வீடியோக்காரரை அழைத்ததையும் முழுத் தவறாக நான் பார்க்கவில்லை. கடையில் என்ன கிடைக்கும் என்பதை அவர் முதல் நொடியில் சொல்லியிருக்கலாம். அன்று ஒருநாள் வாசலில் ஃபில்டர் வைத்து, வருபவர்களுக்கு அரை டம்ளர் ருசி பார்க்கக் கொடுத்திருந்தால் ஒற்றை நட்சத்திரங்கள் குறைந்திருக்கும். பணம் கொடுத்த பதிவு என்ற குறிப்பும் இருந்திருக்க வேண்டும்.

புதிதாக வருபவரிடம் "எங்க பாத்து வந்தீங்க?" என்று கேட்டு பில்லின் ஓரத்தில் குறிக்கும் வழக்கம் 2024 பிற்பாதியில்தான் வந்தது. அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மொத்த விற்பனையை வைத்துச் சொல்வதே. எந்த வீடியோ யாரைக் கொண்டுவந்தது என்பதற்கு அந்தக் காலத்துக்குப் பதிவு இல்லை.

சிக்கரி வீடியோவுக்கு முன் பழைய வாடிக்கையாளர்களுக்கு நேரில் சொல்லியிருக்கலாம் என்று பெரியவர் இன்னும் நினைக்கிறார். மருமகள் அப்படி நினைக்கவில்லை.

2025 ஏப்ரலிலிருந்து பதில் நேரம் காலை பத்து முதல் மாலை ஆறு வரை. இரவில் வரும் செய்திக்கு, காலையில் பதில் சொல்கிறோம் என்று தானாக ஒரு செய்தி போகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைப் பையன் பார்த்துக்கொள்கிறான். கலவை பற்றிய கேள்விகள் மட்டும் மருமகளுக்கு. அவருக்கு மாதச் சம்பளம் கணக்கில் ஏறுகிறது. ஏஜென்சிக்குப் போன தொகையைவிடக் கொஞ்சம் அதிகம். அதைக் கழித்த பிறகும் சில்லறைப் பக்கம் லாபத்தில் இருக்கிறது, முன்பைவிட மெல்லிய லாபம். கொட்டை விலை இறங்கினால் அந்த வரி எப்படி இருக்கும் என்பதை அடுத்த ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும்.